பாஸை விழுங்கும் அறை

வீட்டு ஸ்டுடியோவில் பார்த்துப் பார்த்து மிக்ஸ் செய்த பாட்டைக் காரில் போட்டால் பாஸ் குமுறுகிறது. ஹெட்போனில் கேட்டால் குரல் பின்னுக்குப் போய்விடுகிறது. பழி உடனே மானிட்டர் ஸ்பீக்கர் மேல் விழுகிறது. ஐந்து அங்குல ஸ்பீக்கரை விற்றுவிட்டு எட்டு அங்குலம் வாங்குகிறார்கள். கையிலிருந்த பணம் கரைகிறது, குறை மட்டும் போகவில்லை. சின்ன அறையாக இருந்தால் கூடவும் செய்கிறது. இப்படிப்பட்ட கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பீக்கர் பெட்டி பொறுப்பல்ல, அது நிற்கும் அறையும் அதற்கு வந்துசேரும் ஒயர்களும்தான் பொறுப்பு என்பது என் வாதம். இதை யாரும் நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டியதில்லை. காசு செலவில்லாமல் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

வலது பக்கம் மட்டும் பாஸ் மந்தமாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டு ஸ்பீக்கரின் பின்புறமும் உள்ள வால்யூம் திருகும் பாஸ் சுவிட்சும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு இரு பக்கமும் ஒன்றுபோலக் கேட்கும் மோனோ ஒலி ஒன்றை ஓடவிடுங்கள். ஸ்பீக்கர்களை அணைத்து, ஆடியோ இன்டர்ஃபேஸின் பின்னால் இடது கேபிளையும் வலது கேபிளையும் இடம் மாற்றிச் செருகிவிட்டு மறுபடி கேளுங்கள். குறை இடது பக்கம் தாவிவிட்டால் கோளாறு இன்டர்ஃபேஸிலோ கணினியிலோ இருக்கிறது. தாவாவிட்டால் பழையபடி செருகி, இந்த முறை ஸ்பீக்கர் முனையில் மாற்றிப் பாருங்கள். இப்போது தாவினால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றுங்கள். குறை பெட்டியோடு கூடப் போனால் பெட்டியில் கோளாறு. பெட்டி போன பிறகும் அதே மூலையில் உட்கார்ந்திருந்தால் அறையைத் தவிர வேறு எதையும் குற்றம் சொல்ல முடியாது.

அறை ஏன் இப்படிச் செய்கிறது? ஒலி நம் ஊர் வெப்பத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் பாஸ் அலை ஒன்றின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். பன்னிரண்டு அடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி கச்சிதமாகப் பொருந்துகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அது போய்வந்து தன்மேல் தானே படிந்து, நகராத அலையாக நின்றுவிடுகிறது. பத்தடி அகலத்துக்கு அந்த எண் 56 ஹெர்ட்ஸ் அளவில் வரும். கூரை உயரமும் பத்தடி என்றால் இரண்டும் ஒரே இடத்தில் குவிந்து தொல்லை இரட்டிக்கும். பாஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி எழுப்புவது 41 ஹெர்ட்ஸ். ஆக, கிக் டிரம்மும் பாஸும் புழங்கும் இடத்திலேயேதான் அறை கைவைக்கிறது. டோன் ஜெனரேட்டர் செயலியில் 47 ஹெர்ட்ஸை மெதுவாக ஒலிக்கவிட்டு, பின்சுவரிலிருந்து நடு அறைக்கு நடந்து பாருங்கள். சுவரருகே காதை அடைக்கிற ஒலி, நடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். ஸ்பீக்கரும் அதேதான், வால்யூமும் அதேதான். அந்த நடுவில் நாற்காலி போட்டு மிக்ஸ் செய்பவருக்கு பாஸ் கேட்காது. கேட்கவில்லையே என்று கூட்டுவார். காரில் அது குமுறும்.

இங்கே வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். அவை சற்றே அதிர்ந்து, பாஸில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், வெளியேயும் விட்டுவிடும். நம்முடையவை செங்கல்லும் கான்கிரீட்டும். வந்த பாஸை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. எனவே நமக்கு இது இன்னும் கடுமையான பிரச்சினை. முட்டை அட்டையை ஒட்டிப் பயனில்லை. மெல்லிய காகிதக்கூழ் உச்ச ஒலியைத்தான் கொஞ்சம் மட்டுப்படுத்தும், ஏழு மீட்டர் அலைக்கு அது இருப்பதே தெரியாது. மூலைகளில் கனமாக ராக்வூல் அடைத்தால் பலன் உண்டு. அதற்கும் முன்னால் நாற்காலியை நகர்த்துங்கள்: பன்னிரண்டு அடி அறையில் முன்சுவரிலிருந்து சுமார் நாலரை அடியில் உட்கார்ந்து தொடங்கலாம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் அருகே நேர் அலையை அடித்துவிடும். சின்ன அறையில் சுவரை ஒட்டி வைத்து, பின்னாலுள்ள சுவிட்சில் பாஸைக் குறைத்துக்கொள்வதே மேல்.

அளவீட்டு மைக்கும் மென்பொருளும் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பொங்கி நிற்கும் பாஸை மென்பொருள் நன்றாகவே வெட்டிவிடும். பள்ளத்தை நிரப்ப அதனால் ஆகாது. 10 டெசிபெல் கூட்டினால் ஆம்ப் பத்து மடங்கு சக்தி தர வேண்டும், ஆனால் நேர் அலையோடு திரும்பி வரும் அலையும் சேர்ந்தே வளர்வதால் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். ஹெட்போனிலேயே மிக்ஸ் செய்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. பாஸைச் சரிபார்க்க அது நல்ல துணை. ஆனால் இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் எட்டுவது அதில் நடக்காததால், எந்த வாத்தியம் எங்கே நிற்கிறது என்ற கணிப்பு மாறிவிடும். எல்லாம் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது என்பவர்கள், 1978-இல் வீட்டு உபயோகத்துக்கு வந்த யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர் உலகெங்கும் ஸ்டுடியோ மேசைகளில் ஏறியதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பாஸ் குறைவு, உச்ச ஒலி குத்துகிறது என்று ட்வீட்டர் மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டிக்கூடப் பயன்படுத்தினார்கள். ஆனாலும் அந்த மூடிய பெட்டியில் பாஸ் இழுபடாமல் சட்டென நின்றது, பொறியாளர்களுக்கு அதன் குறை அத்துப்படி, சுற்றியிருந்த அறையும் ஒழுங்காக இருந்தது.

இரைச்சல் வேறு கதை. பாட்டு ஓடாதபோதும் ம்ம்ம் என்று முனகினால், ஒலிக் கேபிளை ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கி, கரண்ட் ஒயரை மட்டும் விட்டுவைத்துக் கேளுங்கள். முனகல் நின்றால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதுவும் அதன் 100 ஹெர்ட்ஸ் மடங்கும்தான் பெரும்பாலும் உள்ளே நுழைகின்றன. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் ஓய்ந்தால், எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருகிறது என்று பொருள். இன்டர்ஃபேஸையும் ஸ்பீக்கர்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, பேலன்ஸ்டு கேபிள் போட்டால் பெரும்பாலும் தீரும். அந்தக் கேபிளின் இரு கம்பிகளில் ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் ஓடுகிறது. வழியில் ஒட்டிய இரைச்சல் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் மறுமுனையில் கழிபட்டுப் போகிறது. சிலர் மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை வெட்டிவிட்டு இரைச்சல் போய்விட்டது என்கிறார்கள். போவது உண்மை. கூடவே உயிர்க்காப்பும் போகிறது: பெட்டிக்குள் மின்கசிவு வந்தால் ஸ்பீக்கரின் உலோகப் பாகமும் மைக்கின் உடலும் ஷாக் அடிக்கும். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் குறை பெட்டியோடு சேர்ந்தே நகர்ந்தால், அது சர்வீஸ் கடைக்கு உரியது. ட்வீட்டர் எரிந்திருக்கலாம், சூட்டில் பவர் சப்ளை கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம், வூஃபரின் சுருள் காந்தத்தில் உரசலாம். எந்த மூலையில் வைத்தாலும் கூடவே வந்தது என்பதைக் கடைக்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எங்கே திறந்து பார்ப்பது என்று அவர் தேடும் நேரம் பாதியாகக் குறையும்.