மூக்குக்குப் பிடிக்காததும் நுரையீரலுக்கு ஆகாததும்

ஓய்வு பெற்றபின் ஊர்ப்பக்கம் வீடு கட்டிக் குடியேறுகிறவர்களும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றானதும் நகரத்து வாடகையை விட்டு வந்தவர்களும் கொங்குப் பகுதியில் இப்போது நிறையப் பேர். மனை விற்பவர் முதலில் சொல்வது 'நல்ல காத்துங்க' என்பதைத்தான். குடிவந்த சில நாளிலேயே அந்தக் காற்றோடு கோழிப்பண்ணை வாடையும் சேர்ந்து வருவது தெரிந்துவிடும். நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊர். பல்லடமும் உடுமலையும் கறிக்கோழிக்கு. இவை போதாதென்று கட்டுத்தரை, எருக்குழி, மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் சேகோ ஆலைக் கழிவு என்று வாடைக்குப் பஞ்சமில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது உடம்பைக் கெடுக்குமா? போகப்போகப் பழகிவிடுமா? எந்த வாடை என்பதைப் பொறுத்துத்தான் பதில். பல வாடைகள் அருவருப்போடு நின்றுவிடும். சில உண்மையாகவே நுரையீரலைத் தொடும். மூக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லாது. பிடிக்காததையெல்லாம் ஆபத்து என்று கத்தும். மெய்யான ஆபத்து சிலவற்றை முகரவே முகராது.

வாடை பிறக்கும் இடம்

கோழி சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. எச்சத்தில் வெள்ளையாகத் தெரியும் யூரிக் அமிலம்தான் அதன் சிறுநீர்க் கழிவு. ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அமோனியாவாக்குகின்றன. கண்ணைக் கரிக்கும் காட்டமான நெடி இதுதான். மாட்டுக் கோமியத்தில் உள்ள யூரியாவிலிருந்தும் அமோனியாதான் வருகிறது. காற்றுப் படாமல் தேங்கி அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது.

முட்டைக்கோழிகள் கூண்டில் நிற்க, எச்சம் கீழே மாதக்கணக்கில் குவியும். காய்ந்து கிடக்கும்வரை வாடை மட்டாகவே இருக்கும். தண்ணீர்க் குழாயின் நிப்பிள் ஒழுகி நனைத்தாலோ, மழைச்சாரல் அடித்தாலோ, விற்பதற்காகக் குப்பையைக் கிளறி அள்ளினாலோ ஒரேயடியாகத் தூக்கும். கறிக்கோழிக் கொட்டகையில் தரையில் பரப்பிய தேங்காய் மஞ்சியோ நெல் உமியோ நனைந்தாலும் இதே கதைதான். அதிகமான வாடைக்குப் பின்னால் பெரும்பாலும் ஈரம் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பிறகு பண்ணைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

அமோனியாவின் நெடி பத்து லட்சத்தில் 5 பங்கு அளவிலேயே பெரும்பாலோருக்குத் தெரிந்துவிடும். எட்டு மணி நேரம் அதில் வேலை செய்கிறவர்களுக்கு அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் உச்சவரம்பு 25 பங்கு. காற்றோட்டமில்லாத கொட்டகைக்குள் இந்த வரம்பைத் தாண்டலாம். சில நூறு மீட்டர் கடந்து உங்கள் வீட்டை எட்டும்போது வெகுவாக நீர்த்துப்போகிறது. வாடை தெரிகிறது என்பதாலேயே நச்சை மூச்சிழுக்கிறோம் என்று பயப்பட வேண்டியதில்லை.

பொழுது சாய்ந்தால் ஏன் தூக்குகிறது?

பகலில் தரை சூடாகிக் காற்று மேலெழும்பும். வாடையும் அதோடு மேலே போய்க் கலைந்துவிடும். பொழுது சாய்ந்ததும் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துத் தங்குகிறது. அதன்மேல் வெதுவெதுப்பான காற்று, சட்டிக்கு மூடி போட்டதுபோல் கவிந்துகொள்ளும். அதனால்தான் இருட்டியதிலிருந்து விடிந்து வெயில் ஏறும்வரை வாடை கிடையாய்க் கிடக்கிறது. காற்று அசையாத பனிக்கால விடியற்காலை இதில் மோசம்.

பருவக்காற்றும் கணக்கில் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வீசும். பண்ணைக்குக் கிழக்கே வீடு இருந்தால் ஆடிக்காற்றில் வாடை நேராக வந்து சேரும். மேற்கிலோ தென்மேற்கிலோ இருந்தால் வடகிழக்குக் காற்றடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் உங்கள் முறை. மனை வாங்கப் போகிறவர்கள் தரகர் காட்டும் உச்சி நேரத்தோடு திருப்தியடையக் கூடாது. இரு பருவத்திலும், குறிப்பாக இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலையிலும் அங்கே போய் நின்று பார்க்க வேண்டும்.

பழகுவது மூக்கா, மனமா?

ஒரே வாடை தொடர்ந்து பட்டால் சில நிமிடத்தில் அது மங்கிவிடும். கட்டுத்தரையில் பால் கறக்கிறவருக்குச் சாண வாடை தெரியாததும், விருந்தாளி வாசலிலேயே மூக்கைப் பொத்துவதும் இதனால்தான். ஆனால் வந்து வந்து போகும் வாடைக்கு மூக்கு இப்படி எளிதில் இணங்காது. காற்று திரும்பும்போதெல்லாம் புதிதாகத் தாக்கும்.

மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் பாதை, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளோடு நெருக்கமாகப் பின்னியது. அதனால் வாடை நேராக மனநிலையைத் தொடுகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் பெரிய பன்றிப் பண்ணைகளுக்கு அருகே வசிப்பவர்களைச் சூசன் ஷிஃப்மன் ஆராய்ந்து 1995இல் வெளியிட்டார். மற்றவர்களைவிட அவர்களிடம் பதற்றம், மனச்சோர்வு, கோபம், களைப்பு எல்லாம் கூடுதலாக இருந்தன. வாடையால் வரும் எரிச்சல் வெறும் செல்லம் கொஞ்சல் அல்ல என்பதற்கு இது சான்று.

இன்னொரு பக்கமும் உண்டு. பிலடெல்பியாவின் மோனெல் மையத்தில் பமேலா டால்டன் 1990களில் ஒரே வாசனையைப் பலருக்குக் கொடுத்தார். சிலரிடம் அது இயற்கைச் சாறு என்றும், சிலரிடம் கெடுதலான ரசாயனம் என்றும் சொல்லிவைத்தார். கெடுதல் என்று நம்பியவர்களுக்கு வாசனை காட்டமாகத் தெரிந்தது. உடல் உபாதைகளையும் அவர்களே அதிகம் சொன்னார்கள். என்ன வாடை, எங்கிருந்து, எப்போது வரும் என்று தெரிந்துகொள்வதே பாதி மருந்து என்பது இதன் பொருள்.

அதற்கு ஒரு நோட்டுப் போதும். தேதி, நேரம், காற்று வந்த திசை, என்ன மாதிரி வாடை, உடம்பில் என்ன தெரிந்தது என்று குறித்துவாருங்கள். சில வாரத்தில் ஓர் ஒழுங்கு புலப்படும். டாக்டரிடம் காட்டவும், புகார் கொடுக்க நேர்ந்தால் ஆதாரமாகவும் அது உதவும்.

பழகவே கூடாத வாடைகள்

அழுகிய முட்டை நாற்றம் தொட்டிக்கோ குழிக்கோ அருகில் வந்தால் விலகிவிட வேண்டும். மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு உணரும் ஹைட்ரஜன் சல்பைடு, பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது முகரும் திறனையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்று நினைக்கும் இடத்தில்தான் உயிர் போகிறது. காற்றைவிடக் கனமான இந்த வாயு சாணக் கழிவுத் தொட்டி, எரிவாயுக் கலன், ஆலைக் கழிவுத் தொட்டி இவற்றின் அடியில் தங்கும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்றப் பின்னாலேயே இறங்கக் கூடாது. தீயணைப்புத் துறையையும் 108ஐயும் அழைக்க வேண்டும்.

பூச்சிமருந்து நெடியும் அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கும்போது கதவு சன்னலைச் சாத்தி, காயும் துணிகளை எடுத்துவிடுங்கள். தலைவலி, மிகுந்த வியர்வை, எச்சில் ஊறல், வாந்தி, கண் மங்கல், மூச்சிறுக்கம் தென்பட்டால் தாமதிக்கக் கூடாது. உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் குளித்து, முடிந்தால் மருந்துப் புட்டியின் பெயரோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பூஞ்சை பிடித்த வைக்கோல், சோளத்தட்டு வாடையும் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. அதைக் கிளறும்போது பறக்கும் தூசி சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். வேலை முடித்துச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் அதைச் சளி என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் வைக்கோல் விவரத்தைச் சொல்லுங்கள்.

வாடையே இல்லாத ஆபத்து

மூக்குக்கு எட்டாத சங்கதிகளில் முதலாவது கிணற்று நீர். எருக்குவியலிலிருந்தும் அளவு மீறிய உரத்திலிருந்தும் நைட்ரேட் நிலத்தடி நீருக்கு இறங்கும். நிறம், மணம், சுவை எதுவும் மாறாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மாவு கலந்து கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம்பாரிக்கலாம். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவுதான் கூடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஈ. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக 7 முதல் 10 நாள் போதும். ஈரக் குப்பை அதற்குப் பிரசவ அறை. சோற்றை மூடிவைப்பது, சன்னலுக்கு வலை அடிப்பது, வீட்டுக் குப்பையைத் தேங்கவிடாதது மூன்றும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்கு அமோனியாவும் பண்ணைத் தூசியும் மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும். இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். வழக்கத்தைவிட அடிக்கடி தேவைப்பட்டால் அதுவே டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறி. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வாடை வலியைத் தூண்டலாம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் எந்த வாடையும் குமட்டும். வயதானவர்களுக்கு முகரும் திறன் குறைவதால், எரிவாயுக் கசிவுகூடத் தெரியாமல் போகலாம். வீட்டில் மற்றவர்கள் கவனிக்க வேண்டும்.

'கட்டுத்தரையில் வளரும் பிள்ளைக்கு ஆஸ்துமா வராது' என்பதில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்காவில் குதிரையும் மாடுமாகப் பழைய முறையில் விவசாயம் செய்யும் ஆமிஷ் சமூகத்தையும், இயந்திரமயமான பெரும் பண்ணை நடத்தும் ஹட்டரைட் சமூகத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஆமிஷ் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதத்தினருக்கும் ஹட்டரைட் பிள்ளைகளில் சுமார் 21 சதவீதத்தினருக்கும் ஆஸ்துமா இருந்தது. இந்தப் பலன் கைக்குழந்தைப் பருவத்திலேயே கால்நடைகளோடு ஒட்டி வளர்வதோடு தொடர்புடையது. ஐம்பது வயதில் குடியேறுகிறவருக்கும், ஏற்கெனவே ஆஸ்துமா வந்துவிட்ட பிள்ளைக்கும் இதைச் சிகிச்சையாக நினைக்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை

காலை வெயில் ஏறியபின் சன்னல்களைத் திறந்து, பொழுது சாயுமுன் பண்ணைப் பக்கத்துச் சன்னல்களைச் சாத்துவது செலவில்லாத முதல் வழி. வாடை தூசியில் ஒட்டிப் பயணிப்பதால் ஈரத்துணியால் துடைப்பது, திரைச்சீலைகளை அடிக்கடி துவைப்பது பலன் தரும்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. சாதாரணக் கரி வடிகட்டி சில வாடைகளைக் குறைக்கும், அமோனியாவிடம் திணறும். என்95 முகக்கவசமும் தூசிக்குத்தான். ஊதுபத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே ஆகியவை வாடையை மறைப்பதோடு மூடிய அறையில் புகையையும் ரசாயனத்தையும் சேர்த்துவிடும். ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் வேண்டாம்.

மூக்கு எரிச்சலுக்கு உப்புநீர்க் கழுவல் இதமளிக்கும். காய்ச்சி ஆறவைத்த நீரில் மட்டுமே செய்ய வேண்டும். இடம் இருந்தால் பண்ணைப் பக்க வேலியோரம் சவுக்கு, வேம்பு, புங்கன் என உயரம் மாற்றி இரண்டு மூன்று வரிசை வைக்கலாம். மரவேலி தூசியை வடித்துக் காற்றை மேலே தள்ளும்.

பண்ணைக்காரரிடம் பேசுவது

பெரும்பாலான இடங்களில் பண்ணைதான் முதலில் வந்தது, வீடு பிறகு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல், புதிய கோழிப்பண்ணைகள் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி அமைய வேண்டும் என்கிறது. பண்ணை இருந்த இடத்தை நோக்கி நாமே போய் வீடு கட்டிக்கொண்டு அந்தக் கணக்கை மட்டும் காட்டினால் பேச்சு எடுபடாது. பிரான்ஸில் நகரத்திலிருந்து வந்தவர்களின் வழக்குகள் பெருகியதால், நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் வாடைகளையும் பாரம்பரியமாக ஏற்று 2021இல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

'நாத்தம் தாங்கலை' என்று ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். "ஏனுங்கண்ணா, குப்பை அள்ளற நாளை மொதல்லயே சொல்லிட்டீங்கன்னா நாங்க சன்னலைச் சாத்திக்குவோம்" என்று தொடங்கினால் காரியம் நடக்கும். ஒழுகும் நிப்பிளை மாற்றுவது, சாரல் அடிக்காமல் மறைப்பது, செத்த கோழியை அன்றன்றே குழியில் மூடுவது, காற்றில்லாத மாலையில் குப்பையைக் கிளறாமல் வெயில் நேரத்தில் அள்ளுவது ஆகியவை பண்ணைக்கும் லாபம். அமோனியா கூடினால் கோழிக்கும் கண்ணும் மூச்சும் கெடும், முட்டையும் குறையும். எச்சத்தின்மேல் சுண்ணாம்பு தூவினால் ஈரம் குறையும். ஆனால் காரத்தன்மை கூடி அமோனியா வேகமாகக் கிளம்பும் என்பதையும் பக்குவமாகச் சொல்லலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. யோசனை கேட்க வழியுண்டு.

பேசியும் பலனில்லை, பிணவாடையும் ஈயும் குறையவில்லை என்றால் ஊராட்சிக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், பொதுத்தொல்லை என்று கோட்டாட்சியருக்கும் மனுக் கொடுக்கலாம். அப்போது நோட்டுக் குறிப்புகளை நகலெடுத்து இணையுங்கள். வாடை அடிக்கிறது என்று பொத்தாம்பொதுவாக எழுதிய மனுவைவிட, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கத்துக் காற்றில் யாருக்கு மூச்சு இரைத்தது என்று சொல்லும் மனுவுக்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.