டிரைவருக்கும் ஒரு கவர்!

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களும், எங்களைப் போன்ற குடும்பத் தலைவிகளும் சேர்ந்து வேன் பிடித்து மேல்மருவத்தூர், திருவண்ணாமலை என்று போய் வருவதுண்டு. வாடகை ஓனருக்குப் போய்விடும். பேட்டா, டிரைவரின் சாப்பாட்டுச் செலவுக்கே சரியாகிவிடும். பை, மூட்டைகளை ஏற்றி இறக்கி, விடிய விடியக் கண்விழித்து, நம் உயிரைப் பத்திரமாக வீடு சேர்ப்பவருக்கு? இறங்கும்போது, "அவங்க குடுத்திருப்பாங்க" என்று ஆளாளுக்கு நழுவிவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

அமெரிக்காவில், விமானப் பணியாளர்களை ஓட்டலுக்கு அழைத்துப் போகும் வேன் டிரைவருக்கு, ஆளுக்கு ஒன்றிரண்டு டாலர் கொடுப்பது வழக்கமாம். அவர்களுக்கு அந்த வேன் இலவசம். ஆனாலும் பெட்டி தூக்கியவருக்குத் தனியாகக் கொடுக்கிறார்கள்!

எங்கள் குழுவில், வாடகைப் பணம் வசூலிக்கும்போதே தலைக்கு 20 ரூபாய் சேர்த்து வாங்கித் தனிக் கவரில் வைத்துவிடுகிறோம். ஊர் திரும்பியதும், குழுவில் மூத்த அக்கா அதை டிரைவர் கையிலேயே கொடுத்துவிடுவார். யாருக்கும் பாரமில்லை, யாரும் நழுவவும் முடியாது. சாப்பிடும்போது அவரையும் கூப்பிடுகிறோம். நாம் கோயிலுக்குள் இருக்கும் நேரத்தில் அவரைக் கொஞ்சம் தூங்கச் சொல்கிறோம்.

நீங்களும் செய்து பாருங்களேன், தோழிகளே!

- ஒரு வாசகி, விருத்தாசலம்.