பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத தாத்தா: கைபேசியிலேயே தேடலாம்

“தாத்தாவோட அண்ணன் பட்டாளத்துக்குப் போனார். பர்மாவுல இறந்துட்டார்னு தந்தி வந்துச்சாம். அவ்ளோதான் தெரியும்.” மாதனூர், ஆம்பூர், பள்ளிகொண்டா பக்கம் பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு உண்டு.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டைப் படித்திருக்கிறீர்களா? 1914-18 போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது அது. அதில் இருப்பது எண்ணிக்கைதான். பெயர்களைத் தேட வேறு இடம் இருக்கிறது. அதற்குக் கையில் உள்ள போனே போதும்.

எங்கே தேடுவது?

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 1917-ல் தொடங்கப்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகள் அதன் இணையதளத்தில் (சி.டபிள்யூ.ஜி.சி. டாட் ஓ.ஆர்.ஜி.) உள்ளன. அன்றைய இந்தியப் படையினரும் இதில் அடக்கம். தேடுவதற்குக் கட்டணம் கிடையாது. ‘எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க.

4.8.1914 முதல் 31.8.1921 வரையும், 3.9.1939 முதல் 31.12.1947 வரையும் பணியில் இருந்தபோது இறந்தவர்கள் இந்தப் பட்டியலில் வருவார்கள். குண்டு பட்டுத்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. காய்ச்சலில் இறந்த படைவீரரும் இதில் உண்டு.

முதலில் வீட்டில் தேடுங்கள்

பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்க. தந்தி, கடிதம், பென்ஷன் தாள் எதுவானாலும் போட்டோ எடுத்து வையுங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கமாக இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். படை எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். கையகல வெண்கலத் தகடு ஒன்று கிடைத்தால் அது அந்தப் போரில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. அதில் பெயர் மட்டுமே இருக்கும்.

இவற்றில் மிக முக்கியமானது படை எண். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். எண் இருந்தால் குழப்பம் குறையும். வீட்டில் மூத்தவரிடம் அப்பா பெயர், மனைவி பெயர், பிறந்த ஊர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தேடும் முறை

1. பெயரை ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். முனுசாமி, முனிசாமி, முனுஸ்வாமி எல்லாம் ஒருவராகவே இருக்கலாம். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

2. இனிஷியலை விட்டுவிட்டுத் தேடுங்கள். ஒற்றைப் பெயராக இருந்தால் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போடுங்கள்.

3. எந்தப் போர், எந்த நாட்டுப் படை என்பதில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்.

4. மாவட்டம் என்றால் ‘நார்த் ஆர்க்காட்’ என்று தேடுங்கள். திருப்பத்தூர் மாவட்டம் 2019-ல் உருவானது. அன்றைக்கு இதெல்லாம் வட ஆற்காடு. எல்லாப் பதிவுகளிலும் ஊர் விவரம் இருக்காது.

பெயர் மட்டும் பொருந்தினால் முடிவு செய்துவிடாதீர்கள். எண், அப்பா பெயர், ஊர், படைப்பிரிவு இவற்றில் இரண்டாவது ஒத்துப்போக வேண்டும்.

கல்லறை இல்லையென்றால்?

தகனம் செய்யப்பட்டவர்களுக்கும் உடல் கிடைக்காதவர்களுக்கும் தனிக் கல்லறை இருக்காது. அவர்களில் பலரின் பெயர் நினைவுச் சின்னங்களில் இருக்கும். பர்மாவில் இறந்தவர் என்றால் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் (சுமார் 27,000 பெயர்கள்), மலேயா, சிங்கப்பூர் பக்கம் என்றால் சிங்கப்பூர் கிராஞ்சியில் பாருங்கள். முதல் போரில் இராக் போனவர்களுக்கு பாஸ்ரா, பிரான்ஸ் போனவர்களுக்கு நவ் ஷபேல். பதிவிலேயே சின்னத்தின் பெயர் இருக்கும். பெயர் பொறித்த பலகை எண்ணும் பெரும்பாலும் இருக்கும்.

சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் போரில் இறந்த 856 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்க்கலாம்.

1947-க்குப் பின் நடந்த போர்களில் இறந்தவர் என்றால் டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் பட்டியலில் தேட வேண்டும்.

அதற்குமேல் விவரம் வேண்டுமா?

படைப்பிரிவு தெரிந்தால் அதன் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் நீலகிரி வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம் பெங்களூரிலும் உள்ளன. எங்கே எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்திலும் பழைய அரசுக் கோப்புகளைத் தேடலாம். பழைய தாள்கள் எல்லாமே மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதனால் என்ன கிடைக்கும்? இந்தப் பதிவை வைத்து மட்டும் பென்ஷனோ நிலமோ கேட்க முடியாது. ஆனால் அவர் இறந்த தேதி கிடைக்கும். நாள் தெரியாததால் மகாளய அமாவாசைக்கு மட்டும் திதி கொடுத்துவந்த வீட்டுக்கும், எந்த நாளில் துவா ஓதுவது என்று தெரியாமல் இருந்த வீட்டுக்கும் அது சின்ன விஷயமில்லை. பெரியவர்கள் இருக்கும்போதே இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.