உங்களுக்குத் தெரியுமா? சந்தா சேர்த்த துணிச்சல்

ஆர். கே. நாராயண் மைசூரில் ஒரு பத்திரிகை நடத்தினார் தெரியுமா? 1941-ல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘இந்தியன் தாட்’. கதை, கவிதை, தத்துவம் எல்லாம் கலந்த ஆங்கில இதழ். அதற்குச் சந்தா பிடித்துக் கொடுத்தவர் கார் விற்பனையில் இருந்த அவருடைய மாமா. சென்னை நகரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் சேர்ந்துவிட்டது! காரையே விற்கத் தெரிந்தவருக்கு ஒரு சந்தா கேட்பதில் என்ன கூச்சம்? இன்று சிறு கடைக்காரர்கள் பலர் வாடிக்கையாளர்களுக்காக அழகாகச் செய்திமடல் தயாரித்துவிட்டு, “சேர்ந்துகொள்ளுங்கள்” என்று வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறார்கள். அந்த மாமா தயங்கவில்லை.

ஆனாலும் இதழ் ஓராண்டுக்குள் நின்றுபோனது. நிர்வாகம் நாராயணுக்குக் கைவரவில்லை. சந்தா வந்தபின் ஒவ்வொரு இதழையும் சொன்ன நாளில் அச்சேற்றி, மடித்து, முகவரி ஒட்டித் தபாலில் சேர்க்க வேண்டுமே. அந்த வேலைக்கும் ஒரு மாமா இருந்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது. 1942-ல் அதே பெயரில் உருவான பதிப்பகம்தான் ‘மால்குடி டேஸ்’ நூலை வெளியிட்டது.

நாராயணின் ‘மிஸ்டர் சம்பத்’ நாவலில் (1949) ஸ்ரீனிவாஸ் என்பவர் ‘பேனர்’ என்ற வாரப் பத்திரிகையை ஏறக்குறைய ஒற்றை ஆளாக நடத்துவார். அதை அச்சடித்துத் தருபவர்தான் சம்பத். தமிழில் 1972-ல் சோ அந்த நாவலைப் படமாக்கினார். அதற்கு இருபது ஆண்டு முன்பே இந்தியில் எடுத்தவர் எஸ். எஸ். வாசன்.

அந்த வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து பத்திரிகைக்கு வந்தவர். 1928-ல் ‘ஆனந்த விகடன்’ இதழை வாங்கினார். சிரிப்புக்குத் தாராளமாக இடம் கொடுத்தார். குறுக்கெழுத்துப் போட்டி வைத்துப் பரிசுப் பணமும் அறிவித்தார். வாசகர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தார், விற்பனை ஏறியது. படிப்பவருக்கு ஒரு வேலை கொடுத்தால் அடுத்த இதழுக்கு அவரே காத்திருப்பார்.

பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வார இதழ் 1906-ல் சென்னையில் பிறந்தது. அதை நடத்திய மண்டயம் குடும்பத்தாரின் வேர் மைசூர்ச் சீமையில். சிவப்புத் தாளில் அச்சடித்தார்கள், கேலிச்சித்திரம் போட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதன் சந்தா விகிதம். அரசாங்கங்களுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய். ஜமீன்தார்கள், ராஜாக்களுக்கு 30. மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15. மற்ற எல்லோருக்கும் 3 ரூபாய்! பத்திரிகை யார் பக்கம் நிற்கிறது என்பது உள்ளே ஒரு வரி படிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

மைசூரில் சம்ஸ்கிருத நாளிதழ் ஒன்று வருகிறது. பெயர் ‘சுதர்மா’. கலலே நடாதூர் வரதராஜ ஐயங்கார் 1970 ஜூலை 14-ல் தொடங்கினார். அந்த மொழியில் தினசரியா, யார் வாங்குவார்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். வாங்குகிறவர்கள் ஒரே ஊரில் இல்லை, நாடெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதுதான் விடை. அதனால் பெரும்பாலான பிரதிகள் கடைக்குப் போவதில்லை, தபாலில் போகின்றன. 1990-ல் நிறுவனர் மறைந்த பின் மகன் சம்பத் குமாரும் மருமகள் ஜெயலட்சுமியும் ஏற்று நடத்தினார்கள். 2009-ல் இணையப் பதிப்பு வந்தது. 2020-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2021-ல் சம்பத் குமார் காலமானார். எல்லோருக்குமாக எழுதுகிறேன் என்று செய்திமடலைத் தண்ணீராக்கிக்கொண்டிருப்பவர்கள் இந்தச் சின்னப் பத்திரிகையைப் பார்க்க வேண்டும். தனக்கு யார் வேண்டும் என்று முதல் நாளே அது முடிவு செய்துவிட்டது.

தபால் என்றதும் இன்னொன்று. பதிவு பெற்ற பத்திரிகைக்குத் தபால் கட்டணத்தில் பெரும் சலுகை உண்டு. 50 கிராமுக்குள் இருந்தால் ஒரு பிரதிக்கு வெறும் 25 பைசா என்ற விகிதம் நெடுங்காலம் இருந்தது. 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் அதற்கு நிபந்தனைகளும் வைத்திருந்தது. 31 நாளுக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும். இதழில் பெரும்பகுதி செய்தியாகவோ நடப்பு விஷயமாகவோ இருக்க வேண்டும். விளம்பரம் வரலாம், ஆனால் விளம்பரமே இதழாகிவிடக் கூடாது. சட்டம் மாறிவிட்டது. ஆனால் அகர்பத்தியோ பட்டுப்புடவையோ விற்பவர் தம் செய்திமடலை இந்த மூன்று நிபந்தனைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்தியில் சேரும் வாசனைப் பொருள் எங்கிருந்து வருகிறது, அசல் ஜரிகையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதினால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

கடைசியாக ஒன்று. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரியும். உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. அனுப்பிக்கொண்டே இருப்போம், பாதிப் பேருக்குப் போயே இருக்காது. ஆகவே பில் போடும்போதே, “ஐயா, எங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு மடல் வரும்” என்று நேரில் கேட்டுவிடுங்கள்.