பாகற்காயும் பிள்ளைகளின் நாவும்

ஊரை விட்டு வந்து குடித்தனம் நடத்தும் நம்மவர் இல்லங்களில், பாகற்காய்ப் பிட்லை செய்யும் நாளன்று ஒரு சிறு வழக்கு எழுவதுண்டு. பிள்ளை துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவான். "இந்த ஊரிலே பிறந்தவனாயிற்றே, நம் சமையல் எப்படிப் பிடிக்கும்?" என்று பாட்டியார் தீர்ப்புக் கூறிவிடுவார். அச்சொல் தாயாரின் நெஞ்சில் தைக்கும். பிறகு வற்புறுத்தல், அதட்டல், அழுகை. உணவு வேளை பாழாகிவிடும்.

இவ்வழக்கில் ஊரைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குழந்தையும் 'கரேலா' என்றால் முகம் சுளிக்கத்தான் செய்கிறது. அவ்வீட்டார் மேல்தோலைச் சுரண்டி, உப்பில் பிசறி, வெங்காயமும் மசாலாவும் அடைத்து, நூல் சுற்றி வதக்கிக் கொடுத்தும் அது மசிவதில்லை.

காரணம் நாவிலேயே இருக்கிறது. கசப்பை உணர்த்தும் ஏற்பிகள் மனிதருக்குச் சுமார் 25 வகை உண்டு. தாவர நஞ்சுகளிற் பல கசப்பானவை; ஆதலின் இயற்கை இத்தனை காவலரை வைத்துள்ளது. பெரியோரைவிடக் குழந்தைகள் கசப்பை மிகுதியாக உணர்வர். எல்லா நாவும் ஒன்றுபோல் உணர்வதுமில்லை. 1931-ஆம் ஆண்டு ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் கையாண்ட ஒரு பொடி காற்றிற் பறந்தது. உடனிருந்தவர் கசக்கிறதென்றார், ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. இவ்வேறுபாட்டுக்குரிய மரபணு 2003-இல் கண்டறியப்பட்டது. பாகலின் கசப்பு வேறு பொருள்களால் வருவது, மெய்தான். ஆயினும் ஒரே பண்டம் இருவர் நாவில் இருவிதமாகப் படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வங்காளத்தார் பகலுணவைக் கசப்பிலிருந்தே தொடங்குவர். பாகல், வாழைக்காய், முருங்கைக்காய் முதலியன சேர்ந்த 'சுக்தோ' என்னும் குழம்பு சோற்றுடன் முதலில் வரும். அங்கே பெரியோர் சுவைத்து உண்பதைக் கண்டே குழந்தைகள் நாளடைவில் பழகுகின்றனர். நாமும் ஒரு துண்டு மட்டும் வைக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். வற்புறுத்தாமல் பத்து முறையளவு சுவை காட்டினால் பல குழந்தைகள் இணங்குவதாக ஆய்வாளர் கூறுகின்றனர். சிராத்தத்தில் ஒரு பாகற்காய் நூறு காய்கறிக்கு ஈடென்பது நம் வீடுகளில் வழங்கும் கதை. அக்கணக்கில் ஒரு துண்டே தாராளம் அன்றோ!

உப்பில் பிசறும் பழைய வழக்கமும் பொருளுள்ளதே. உப்பு கசப்பு நீரை வெளியேற்றுவதோடு, கசப்புணர்வையும் அடக்குகிறது. புளியும் வெல்லமும் அதற்குத் துணை. இவ்வளவு செய்தும் பிடிக்காவிட்டால் கீரையும் நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கின்றன. பாகலை உண்ணாததால் பிள்ளை இளைத்துவிடாது.

கோடையில் பாகற்காயை மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்திக்கொள்க. பிட்லையைத் தொடாத பிள்ளைகள் கூட அவ்வற்றலை வறுத்து வைத்தால் சில சமயம் தாமே வந்து கொறிப்பார்கள். பாட்டியார் அதைக் காணாததுபோல் இருந்துவிட வேண்டும்.