கடல்மீன் தரும் கொழுப்பு: இலங்கைக் கணக்கும் கும்மிடிப்பூண்டிச் சமையலும்

தீவு நாட்டின் கணக்கு

ஒரு நாட்டு மக்களுக்கு எந்த உணவிலிருந்து எவ்வளவு கொழுப்பு கிடைக்கிறது என்பதை அறிய, ஐக்கிய நாடுகள் அவையின் உணவு, வேளாண்மை அமைப்பு ‘உணவு இருப்புநிலைக் கணக்கு’ என்ற முறையைக் கையாள்கிறது. உள்நாட்டில் கிடைத்ததையும் இறக்குமதி செய்ததையும் கூட்டி, ஏற்றுமதி, தீவனம் முதலியவற்றுக்குப் போனதைக் கழித்து, எஞ்சியதை மக்கள்தொகையாலும் ஆண்டின் நாள்களாலும் வகுத்தால், தலைக்கு ஒரு நாளைய வழங்கல் எவ்வளவு என்பது தெரியும். வழங்கல் என்பது சந்தை வரை வந்த அளவே; வீட்டில் வீணானதும் தட்டில் மீந்ததும் அதில் கழிவதில்லை.

இலங்கை மக்களுக்குக் கிடைக்கும் விலங்குப் புரதத்தில் ஏறக்குறையப் பாதி மீனிலிருந்து வருகிறது என்றாலும், அந்நாட்டுச் சமையலின் கொழுப்பில் முதலிடம் தேங்காய்க்குத்தான். ஒருவருக்கு நாளொன்றுக்கு முழு மீனாக 50 கிராம் கிடைப்பதாகவும், தலை, குடல், முள் போக 25 கிராம் சதை தேறுவதாகவும், அதில் 6 விழுக்காடு கொழுப்பு இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், மீன் தரும் கொழுப்பு ஒன்றரை கிராம்தான். இது ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும் என்பதால், இதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 14 கலோரியைக்கூட எட்டாது. ஆற்றலை மட்டும் பார்ப்பவர் மீன் கொழுப்பைப் பொருட்படுத்த மாட்டார். அந்தக் கொழுப்பின் தன்மையைப் பார்ப்பவர் அப்படி விட்டுவிட முடியாது.

ஒன்றரை கிராமுக்குள் இருப்பது

கொழுப்பு பல்வேறு கொழுப்பு அமிலங்களால் ஆனது. அவற்றுள் ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் இரண்டும் மூளை, விழித்திரை ஆகியவற்றின் உயிரணுச் சவ்வுக்கும் இதய நலத்துக்கும் வேண்டியவை. மீன் இவற்றைப் பெரும்பாலும் தானே ஆக்கிக்கொள்வதில்லை. கடலில் மிதக்கும் நுண்பாசிகள் ஆக்குவதை உணவுச் சங்கிலி வழியாகத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்தவருக்கு இவ்விரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குக் குறைந்தது 250 மில்லிகிராம் வேண்டும் என்றும், கருவுற்ற பெண்ணுக்கு டி.எச்.ஏ. மட்டும் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் மொத்தம் 300 மில்லிகிராம் வேண்டும் என்றும் உணவு, வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் 2008இல் கூட்டிய வல்லுநர் குழு வரையறுத்தது. சாளை போன்ற மீனின் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு இவையே என்று கொண்டால், மேற்கண்ட ஒன்றரை கிராமிலேயே 300 மில்லிகிராம் அடங்கிவிடுகிறது.

அந்த 25 கிராம் சதை சூரை மீனுடையதாக இருந்தால் கணக்குத் தலைகீழாகிவிடும். சூரையின் சதையில் கொழுப்பு ஏறத்தாழ 1 விழுக்காடுதான். எனவே தேவையில் மூன்றில் ஒரு பங்கு கிடைப்பதே அரிது. உலகிலேயே தலைக்கு மிகுதியாக மீன் உண்போருள் அடங்கும் மாலத்தீவினரின் முதன்மை உணவு இந்த மெலிந்த சூரைதான். அவர்கள் உண்ணும் அளவு பெரிது என்பதால் குறை நிரம்பிவிடுகிறது. ஆகவே எவ்வளவு மீன் என்ற கேள்வியோடு எந்த மீன் என்ற கேள்வியும் சேர்ந்தே வர வேண்டும்.

நெய் வைக்கும் மீன்

மத்தி என்றும் நெய்ச்சாளை என்றும் அழைக்கப்படும் மீன் பருவத்துக்கேற்பக் கொழுத்தும் மெலிந்தும் வருவது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முட்டையிட்டு மெலியும் இம்மீன், பின்னர் மிதவை உயிர்களைத் தின்று ஐப்பசி, கார்த்திகையில் நெய் வைக்கும். அப்போது அதன் கொழுப்பு 10 விழுக்காட்டையும் தாண்டும். மலபார்க் கரையில் இதைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து, எஞ்சிய சக்கையை உரமாக்கிய தொழில் பழையது. 1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறையைத் தொடங்கிய பிரெடரிக் நிக்கல்சன் அதைச் சீர்ப்படுத்த முயன்றார். நெடுங்காலம் மேற்குக் கரை மீனாகவே இருந்த மத்தி, கடந்த சில பத்தாண்டுகளில் தமிழகக் கரையிலும் மிகுந்தது. சென்னை வட்டாரத்தில் அதன் இனத்துச் சிறுமீன்களுக்குக் கவலை என்று பெயர். விலை குறைவு என்பதாலேயே அதற்கு மதிப்பும் குறைந்துபோயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டியின் தட்டு

சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த கும்மிடிப்பூண்டியில் மூன்று வகைச் சமையல் அருகருகே நடக்கிறது. உள்ளூர்க் குடும்பங்கள் பலவற்றில் நியாயவிலைக் கடையின் பாமாயில் புழங்குகிறது. மாதம் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த ஒரு லிட்டர், நால்வர் கொண்ட குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு ஏழரை கிராம் கொழுப்பைத் தருகிறது. மேற்கண்ட மீன் கொழுப்பைப்போல் இது ஐந்து மடங்கு என்றாலும் இதில் ஈ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும் இல்லை. பீகார், ஒடிசா, வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் விரும்பும் கடுகெண்ணெயில் தாவர ஒமேகா-3 உண்டு. உடல் அதில் மிகச் சிறு பங்கையே மீனில் உள்ள வகையாக மாற்றிக்கொள்ளும். போரினால் கடல் கடந்து வந்தோர் வாழும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இவ்வூரில்தான் இருக்கிறது. தேங்காய்ப்பால் சொதியும் மாசிச் சம்பலும் அவர்கள் கொண்டுவந்த சுவைகள். மாசி என்பது காய்ந்த சூரை. மணத்துக்குச் சேர்ப்பதே அன்றிக் கொழுப்புக்காகச் சேர்ப்பதன்று.

இம்மூவருக்கும் பொதுவான கடல் அதே மாவட்டத்துப் பழவேற்காட்டில் இருக்கிறது. சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான அதில் மடவையும் கிடைக்கும்; கரைக்கடலில் கவலை, காணாங்கத்தை ஆகியவையும் கிடைக்கும். ஒருவருக்கு வாரம் 150 கிராம் சதை, அதாவது முழு மீனாகச் சுமார் 300 கிராம் கவலை அல்லது மத்தி கிடைத்தாலே வாரத் தேவையான 1,750 மில்லிகிராம் ஏறக்குறைய நிறைந்துவிடும். வஞ்சிரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

அடுப்பில் நேர்வது

பொரிக்கும்போது மீனிலுள்ள நீர் வெளியேறிய இடத்தில் சட்டியின் எண்ணெய் புகுகிறது. மெலிந்த மீனே இதை மிகுதியாக உறிஞ்சும் என்பதால், பொரித்த சங்கராவைத் தின்பவர் உண்ணும் கொழுப்பு பெரும்பாலும் சட்டிக்குரியதுதான். குழம்பில் மீனின் நெய் உருகிச் சாற்றோடு கலக்கும். சாற்றையும் சோற்றில் பிசைந்து உண்ணும் தமிழர் வழக்கம் அதை வீணாக்குவதில்லை.

அச்சத்துக்குரியவை

எண்ணூர்ப் பகுதி 2017 ஜனவரியில் கப்பல் மோதலாலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்தும் எண்ணெய்க் கசிவைக் கண்டது. எண்ணெய் வாடை அடிக்கும் மீனை எவ்வகையிலும் சமைக்கலாகாது. பாதரசம் கொழுப்பில் அன்றிச் சதையின் புரதத்தில் தங்குவதால் தோலையும் கொழுப்பையும் நீக்கினாலும் அது போகாது. சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் அது மிகும், குறுகிய ஆயுளுடைய கவலையில் குறையும். கருவுற்றவர் பெரிய மீனைத் தவிர்த்துச் சிறு மீனை உண்பது இதனாலேயே தக்கது.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உள்ளபோது பல வீடுகளில் கருவாடு கைகொடுக்கும். நெய் மிகுந்த மீனின் கருவாடு காற்றுப்பட்டுக் காறிப்போகும். ஒமேகா-3 அமிலங்களே முதலில் கெடுபவை. உப்பும் அதில் மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளோர் அதை அளவோடு கொள்வது நன்று. நாட்டுப் படகுகளுக்கு அத்தடை இல்லை. அவை கரைக்கு அருகே பிடித்துவரும் பச்சை மீன் அந்நாள்களிலும் கிடைக்கும்.