ஸ்கேன் ரெடி, பேஷன்ட் எங்கே? கொரோனா காலத்துப் பக்கவாதக் கணக்கு

இந்த எபிசோடுல பக்கவாதம், சிடி ஸ்கேன், கொரோனா, இந்த மூணும் சந்திச்ச இடத்தைப் பத்திப் பேசப் போறோம்.

அச்சங்குளம்னு சொன்னா பலருக்கும் 2021 பிப்ரவரி 12-ல நடந்த பட்டாசு ஆலை விபத்துதான் ஞாபகம் வரும். சாத்தூர் பக்கத்து ஊர். இருபது பேருக்கு மேல இறந்தாங்க. வெடிச் சத்தம் கேட்டா ஊரே ஓடும். பக்கவாதத்துல சத்தமும் கிடையாது, பெரும்பாலும் வலியும் கிடையாது. வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கையைத் தூக்க வராது, பேச்சு குழறும். "கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிரும்"னு விட்டுருவோம். இல்லன்னா புறா ரத்தம் தேய்க்கக் கூட்டிட்டுப் போவோம். இன்னமும் நடக்குதுங்க இது!

ஆனா உள்ள என்ன நடக்குது? மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு அடைச்சா, நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் சாகும்னு ஒரு மதிப்பீடு இருக்கு. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கு, பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். ஆனா பிரச்சினை அடைப்பு இல்லாம ரத்தக்கசிவா இருந்தா, அதே ஊசி ஆளைக் கொன்னுடலாம். வெளிய இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான். பிரிச்சுக் காட்டுறது ஸ்கேன். சிடியில புது ரத்தம் வெள்ளையாத் தெரியும். அடைப்போ, முதல் சில மணி நேரம் பல பேருக்கு ஒண்ணுமே காட்டாது. அதனால ஸ்கேன் 'நார்மல்'னு வந்தா நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல, கசிவு இல்ல, ஊசி போடுறதை யோசிக்கலாம்னு அர்த்தம். (சிடி ஸ்கேனரை உருவாக்கின ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் இல்ல, நம்மள மாதிரி இன்ஜினியர். 1979-ல நோபல் வாங்கினார்.)

இப்போ 2020-க்கு வருவோம். அமெரிக்காவுல 800-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் பக்கவாத ஸ்கேனை அலச 'ரேப்பிட்'னு ஒரு சாஃப்ட்வேர் வச்சிருந்தாங்க. எத்தனை பேஷன்டோட ஸ்கேன் உள்ள வந்துச்சுங்கிற கணக்கு அதுல தானாவே பதிவாகும். பிப்ரவரியில ஒரு மருத்துவமனைக்கு நாளுக்கு 1.18 பேர். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்துல 0.72. அதாவது 39% சரிவு. லேசான பாதிப்பு உள்ளவங்க மட்டும் வராம இருந்திருந்தா கூடப் புரிஞ்சுக்கலாம். கடுமையான பாதிப்பு உள்ளவங்களும் குறைஞ்சிருந்தாங்க. பக்கவாதம் ஒரே மாசத்துல இவ்வளவு குறைஞ்சிருக்கும்னு நான் நம்பல. ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா ஒட்டிக்கும்னு பயந்து வீட்டிலேயே இருந்துட்டாங்கன்னுதான் தோணுது.

வந்தவங்களுக்கும் தாமதம்தான். பிபிஇ கிட் போடணும், சந்தேகக் கேஸுக்கு அப்புறம் மெஷினைச் சுத்தம் பண்ணணும். அதே மெஷின்லதான் நுரையீரல் ஸ்கேன் கூட்டமும். ஒரே ஒரு உபகாரம் இருந்துச்சு: கழுத்து ரத்தக்குழாயைப் படம் எடுக்கும்போது நுரையீரலோட உச்சியும் சேர்ந்து விழும். ஸ்வாப் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே சிலருக்குக் கொரோனா அறிகுறி அங்க தெரிஞ்சுச்சு.

நம்ம ஊர்ல 2020 மார்ச் 25-ல இருந்து லாக்டவுன். விருதுநகர்ல அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரி 12-லதான். அதுவரைக்கும் அச்சங்குளத்து ஆளுக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரின்னா மதுரை, இல்லன்னா திருநெல்வேலி. பஸ் இல்லாத அந்த நாள்ல நாலரை மணி நேரத்துல எவ்வளவு ரோட்டுலயே போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஆனா 108-க்கு அடிங்க, சிடி ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லுங்க. டாக்டர் கேக்கிற முதல் கேள்விகள்ல ஒண்ணு, "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" தூங்கி எழுந்திருக்கும்போதே கை விழுந்திருந்தா, கணக்கு படுக்கப் போன நேரத்துல இருந்து. அப்பவும் ஸ்கேன்ல மூளை இன்னும் மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சா, சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் குழாய் விட்டு அடைப்பை எடுக்க வழி இருக்கு.